மஞ்சள் அட்டை மட்டும் போதாது

ராயபுரம் முதல் எண்ணூர் வரை கப்பல் வேலை புதிதல்ல. சென்னைத் துறைமுகம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி என்று மூன்று துறைமுகங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆப்பிரிக்கக் கரையைத் தொடும் கப்பலில் ஏறுகிறவர் பாஸ்போர்ட், சி.டி.சி. எனப்படும் கடலோடிப் புத்தகம் இரண்டோடும் மஞ்சள் அட்டையையும் வைத்திருக்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டதற்கான சர்வதேசச் சான்று அது. ராஜாஜி சாலையில் உள்ள துறைமுக சுகாதார அலுவலகமும் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டும் அந்த ஊசியைப் போடுகின்றன. அட்டையில் முத்திரை விழுந்ததும் மருத்துவ வேலை முடிந்தது என்று ஏஜென்டும் நினைக்கிறார், புறப்படுகிறவரும் நினைக்கிறார். உண்மையில் அந்த அட்டை தடுப்பது ஒரே ஒரு நோயை. பயணிகளுக்கான முழுமையான மருத்துவ ஆலோசனையைத் தரும் அரசுப் பிரிவு ஒன்று வடசென்னையிலேயே வேண்டும் என்று நாம் கேட்பது அதனால்தான்.

மஞ்சள் காய்ச்சல் விதியில் எந்தத் தளர்வும் கூடாது. இந்தியாவில் இந்த நோய் இதுவரை கால்பதித்ததில்லை. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு, டெங்குவைப் பரப்பும் அதே கொசு, நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. மணலி, எண்ணூர் சாலையோரம் கழற்றிப் போட்ட லாரி டயரில் ஒரு மழைத் தண்ணீர் தேங்கினால் போதும். காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் முட்டைகளை அந்தக் கொசு அங்கே இட்டுவிடும். 2016-இல் அங்கோலாவில் நோய் பரவியபோது அங்கிருந்து திரும்பிய தொழிலாளர்களில் 11 பேருக்கு சீனாவில் அது உறுதியானது. ஆசியாவில் ஆய்வகத்தில் உறுதி செய்யப்பட்ட முதல் மஞ்சள் காய்ச்சல் நோயாளிகள் அவர்கள். நோயுள்ள நாட்டிலிருந்து அட்டையில்லாமல் வருபவரை ஆறு நாள் வரை தனிமைப்படுத்தும் இந்திய விதிக்கு இதைவிட வேறு நியாயம் தேவையில்லை. ஆனால் இந்த விதியின் கவலை நாட்டைப் பற்றியது. கப்பலில் போகிற மனிதரின் உடம்பைப் பற்றி அது கவலைப்படுவதில்லை.

அந்த மனிதருக்குப் பெரிய ஆபத்து மலேரியா. உலகில் ஆண்டுக்குச் சுமார் 6 லட்சம் பேரைக் கொல்லும் இந்நோயின் மரணங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஆப்பிரிக்காவில்தான் நிகழ்கின்றன. "நம்மூர் ஆளுக்கு மலேரியா என்ன புதுசா?" என்று கேட்பவர்கள் உண்டு. சென்னையில் காலங்காலமாக அதிகம் கண்டது வைவாக்ஸ் வகை. அது ஆளைப் படுக்க வைக்கும். உயிரை எடுப்பது அபூர்வம். மேற்கு ஆப்பிரிக்காவில் கடிக்கும் கொசு கொண்டுவருவது ஃபால்சிபாரம். சிகிச்சை இரண்டு நாள் தாமதமானாலே மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கக் கூடியது. வைவாக்ஸ் வந்து போனவருக்கு அதனிடமிருந்து எந்தப் பாதுகாப்பும் இல்லை. தடுப்பு மாத்திரைகள் இருக்கின்றன. ஆனால் எந்த மாத்திரை என்பதை மருந்துக்கடைக்காரர் முடிவு செய்ய முடியாது. தினமும் போடும் டாக்சிசைக்ளின் விலை மலிவு. ஆனால் டெக்கில் வெயிலில் நின்று வேலை செய்கிறவருக்குத் தோல் வெந்துபோகலாம். வாரம் ஒருமுறை போடும் மெஃப்ளோகுவின் மனநலச் சிக்கல் இருந்தவருக்கு ஆகாது. புறப்படுவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே தொடங்கவும் வேண்டும். இரண்டையும் ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் விடாமல் போட வேண்டும். இதையெல்லாம் உட்கார வைத்துச் சொல்ல ஒரு மருத்துவர் வேண்டாமா?

திரும்பி வந்தபின் என்ன நடக்கிறது என்பது இதைவிட முக்கியம். வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம் காய்ச்சல் அடிக்கும். வைரல் என்றோ டெங்கு என்றோ நினைத்து பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிடுவார். அவர் வீட்டு மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்வது அனோபிலிஸ் ஸ்டீபன்சி. அவரைக் கடித்தால் அடுத்தவருக்கு நோயைக் கொண்டுபோகும் நகரத்து மலேரியாவின் வாகனம். 2012-இல் ஆப்பிரிக்கத் துறைமுக நாடான ஜிபூட்டியில் இந்தக் கொசு முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அந்த ஆண்டு 27 ஆக இருந்த மலேரியா நோயாளிகளின் எண்ணிக்கை 2020-இல் 73 ஆயிரத்தைத் தாண்டியது. 2016-இல் மலேரியாவை ஒழித்த நாடு என்று இலங்கை சான்று பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் மன்னாரில் இதே கொசு தென்பட்டது. கொசு ஏற்கெனவே குடியிருக்கும் வடசென்னையில், திரும்பி வருகிறவரின் ரத்தத்தை அன்றைக்கே சோதிப்பது பக்கத்து வீட்டையும் காப்பாற்றும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியிலும் அவசரத்தால் வரும் கேடு குறைவல்ல. பல பேருக்கான மருந்து ஒரே குப்பியில் வருகிறது. கலக்கியபின் ஆறு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிஞ்சினால் கொட்ட வேண்டும். அதனால்தான் குறிப்பிட்ட நாட்களில் ஆள் சேர்த்துப் போடுகிறார்கள். ஊசி போட்ட பத்தாவது நாளில்தான் அட்டை செல்லுபடியாகும். "நாளை மறுநாள் கப்பல்" என்று ஏஜென்ட் சொன்னால் இந்தக் கணக்கு இடிக்கும். கள்ள அட்டைக்கு ஆசை பிறப்பது அங்கேதான். முட்டை ஒவ்வாமை கடுமையாக உள்ளவர், எதிர்ப்புசக்தி குன்றியவர், அறுபதைத் தாண்டியவர் ஆகியோரைப் பரிசோதித்தே போட வேண்டும் என்பதைக் கள்ள அட்டை விற்பவன் பார்ப்பானா? 2016 ஜூலை முதல் இந்தச் சான்று ஆயுள் முழுதும் செல்லும். பத்தாண்டு முடிந்துவிட்டதென்று மறுபடி ஊசி போடச் சொல்லும் வழக்கத்தையும் அதிகாரிகள் நிறுத்த வேண்டும்.

தனியார் பயண மருத்துவ மையங்கள் இருக்கும்போது அரசு ஏன் செலவழிக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. அதிகாரிக்கும் சுற்றுலாப் பயணிக்கும் அந்த மையங்கள் கட்டுப்படியாகலாம். சாதாரண கப்பல் தொழிலாளிக்குக் கட்டுப்படியாகாது. மேலும் 2015-இல் இந்தியா ஏற்ற கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தப்படி, வேலைக்கு அமர்த்துவதற்கான கட்டணத்தைத் தொழிலாளி தலையில் கட்டக்கூடாது. விதிவிலக்கு மூன்றுதான்: மருத்துவத் தகுதிச் சான்று, கடலோடிப் புத்தகம், பாஸ்போர்ட். தடுப்பூசியும் மலேரியா மாத்திரையும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே அந்தச் செலவைக் கப்பல் நிறுவனமே ஏற்க வேண்டும் என்று கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் தெளிவான சுற்றறிக்கை அனுப்பட்டும். இடம் தேடி அலையவும் வேண்டாம். தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது, பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் பயணிகளுக்கான புறநோயாளிப் பிரிவும், திரும்பி வந்தவர்களுக்கு எந்நேரமும் மலேரியா ரத்தப் பரிசோதனையும் அங்கே நடக்க மாநில சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும். அதுவரை கப்பலிலிருந்து திரும்பிய ஒவ்வொருவருக்கும் ஒரு வேண்டுகோள்: மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் கண்டால் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், முதல் வார்த்தையாக ஆப்பிரிக்கா போய் வந்ததைச் சொல்லுங்கள்.