மரவள்ளி பஞ்சகாலத் தீனியா?



சென்ற மாதம் ஈப்போவில் ஒரு பள்ளி விருந்துக்கு மரவள்ளிக்கிழங்கு பிங்கா செய்து கொண்டுபோனேன். "டீச்சர், இந்தப் பஞ்சகாலத் தீனியையா பிள்ளைகளுக்குக் கொடுக்கிறீர்கள்?" என்றார் ஒரு தாயார். அவர் கொண்டுவந்தது ஆப்பிள் புடிங். சுவையாகவே இருந்தது, இரண்டு துண்டு உண்டேன்.

அக்கேள்வியைத்தான் விழுங்க முடியவில்லை. ஆங்கிலேயரின் பழைய ஆப்பிள் புடிங்குகள் பல எப்படிப் பிறந்தன? காய்ந்த ரொட்டியும் அடிபட்ட பழமும் வீணாகக்கூடாது என்ற சிக்கனத்தில். அவர்கள் அதைப் பாரம்பரியம் என்கிறார்கள், நாமும் தலையாட்டுகிறோம். 1942 முதல் 1945 வரை, சப்பானியர் ஆட்சியில் அரிசி அருகியபோது, தோட்டத்து லயங்களில் உயிர்காத்த கிழங்கு மட்டும் நமக்கு இழிவாகிவிட்டது! மலாய்க்காரர்கள் நோன்பு மாதச் சந்தையில் இதே பிங்காவைப் பெருமையுடன் விற்கிறார்கள்.

ஒரு கிலோ கிழங்கைத் தோலும் உட்பட்டையும் நீக்கி, கழுவித் துருவி, துணியில் பிழிய வேண்டும். கெட்டித் தேங்காய்ப்பால் ஒரு குவளை, சீனி 200 கிராம், ஒரு முட்டை, சிட்டிகை உப்பு. வாழையிலை விரித்த தட்டில் ஊற்றி, 180 பாகை வெப்பத்தில் ஒரு மணி நேரம். உள்ளே நன்கு வேக வேண்டும். வேகாத மரவள்ளி நஞ்சு.

என் பாட்டிக்கு மின்னடுப்பு ஏது? சட்டி மூடியின்மேல் தேங்காய்மட்டைத் தணலை அள்ளிப் போடுவார். மேற்புறம் கருகும், அந்தக் கருகலுக்குத்தான் எங்களுக்குள் சண்டை.

அடுத்த வாரம் நான்காம் ஆண்டுக்குச் செய்முறைக் கட்டுரை. கிழங்கை நானே வாங்கி வருகிறேன். பெற்றோர்களே, துருவியை மட்டும் கொடுத்தனுப்புங்கள்.