காஞ்சி இழந்தது எல்லையை அல்ல

2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமானது. காஞ்சிபுரம் தன் தொன்மையான ஆட்சிப் பரப்பையும் வருவாயையும் பெருமையையும் பறிகொடுத்துவிட்டது என்ற குறை அன்றுமுதல் கேட்கிறது. மூன்றுமே ஆதாரத்துக்கு நிற்பவையல்ல. முதலில் தொன்மை. 1763-ல் ஆற்காட்டு நவாப் முகமது அலி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகத் தந்த நிலமே பிற்காலச் செங்கல்பட்டு மாவட்டம். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அதன் தலைமையிடம் பெரும்பாலும் கருங்குழி. இடையில் 1825 முதல் 1835 வரை மட்டும் காஞ்சி. 1859 முதல் சைதாப்பேட்டை. 1968 ஜூலை 1-ல்தான் ஆட்சியரகம் மறுபடி காஞ்சிக்கு வந்தது. காஞ்சியின் பெயரிலேயே ஒரு மாவட்டம் அமைந்தது 1997-ல், திருவள்ளூர் பிரிந்தபோது. பறிபோனதாகச் சொல்லப்படும் மாவட்டத்தின் வயது 22 ஆண்டுகளே.

அடுத்தது வருவாய். மறைமலை நகரும் மாமல்லபுரமும் செங்கல்பட்டோடு போயின, உண்மைதான். ஆனால் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் தொழிற்பகுதிகள் காஞ்சியிடமே உள்ளன. அதோடு, தொழிற்சாலை கட்டும் சொத்து வரி அது இருக்கும் ஊரின் உள்ளாட்சிக்குச் சேர்வது. மாவட்டத் தலைநகருக்கு அல்ல. பெருமையின் கதையும் இதுவே. காஞ்சிப் பட்டின் பேர் நெசவாளர் கைத்திறத்தால் வந்தது. வரதராஜரையும் ஏகாம்பரநாதரையும் சேவிக்க வருபவர் மாவட்ட எல்லை பார்த்து வருவதில்லை. சோழர் காலத்தில் காஞ்சி எயிற்கோட்டத்திலும் உத்திரமேரூர் காலியூர்க் கோட்டத்திலும் இருந்தன. இரண்டின் புகழும் குன்றவில்லை.

அப்படியானால் எல்லைக்குப் பொருளே இல்லையா எனக் கேட்கலாம். உண்டு. கடலோரச் செய்யூர்க்காரர் ஆட்சியரைப் பார்க்கக் காஞ்சிவரை வரவேண்டியிருந்த நிலை மாறியது நல்லதே. ஆனால் அலுவலகம் கிட்டே வருவது வேறு, அதிகாரம் மக்கள் கைக்கு வருவது வேறு. ஊராட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. 2019 டிசம்பரில் பிற மாவட்டங்களின் கிராமங்கள் வாக்களித்தபோது, பிரிவினைக்குள்ளான ஒன்பது மாவட்டங்கள் வார்டு மறுவரையறைக்காக நிறுத்திவைக்கப்பட்டன. காஞ்சியும் செங்கல்பட்டும் அவற்றில் அடங்கும். அங்கே தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். குடவோலைக் கல்வெட்டைச் சுவரில் தாங்கி நிற்கும் உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்கள் ஐந்தாண்டு தேர்ந்தெடுத்த தலைவரின்றித் தனி அலுவலர்களின் கீழ் இருந்தன. அதில் முதல் மூன்றாண்டு பிரிவினைக்கும் முந்தையது. குறைப்பட வேண்டியது இதற்காக. கேட்க வேண்டியது, இனி ஒருபோதும் தள்ளிப்போகாத ஊராட்சித் தேர்தல்.