‘ரொமான்டிக்’ என்றால் காதல் மட்டுமா?

‘ரொமான்டிக்’ என்ற சொல் காதில் விழுந்ததும் நம்மில் பலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறோம். பெரியவர்களோ முகம் சுளிக்கிறார்கள். கதைப் புத்தகமும் கையுமாக இருக்கும் பெண்ணை, “இவள் ரொமான்டிக் ஆகிவிட்டாள்” என்று குறை கூறுவோரும் உண்டு. திரைப்பட விளம்பரங்களும் பிப்ரவரி 14-ஆம் நாள் வாழ்த்து அட்டைகளும் இச்சொல்லை ஒரு சிறு கூண்டில் அடைத்துவிட்டன. அது பிறந்த கதையை அறிந்தால் நாம் சிரிக்கவும் மாட்டோம், கூசவும் மாட்டோம்.

இச்சொல்லின் வேர் ரோம் நகரின் பெயர். இடைக்கால ஐரோப்பாவில் கல்விக்கும் எழுத்துக்கும் உரிய மொழியாக இலத்தீன் ஆட்சி செய்தது. வீட்டிலும் சந்தையிலும் மக்கள் பேசியது அதிலிருந்து திரிந்த பேச்சுமொழி. அவ்வாறு பேசுவதை ‘ரொமானிசே’ என்றனர். பிரான்சில் அது ‘ரொமான்ஸ்’ ஆகி முதலில் மக்கள் மொழியையும், பின்னர் அம்மொழியில் சொல்லப்பட்ட வீரக் கதைகளையும் காதல் கதைகளையும் குறித்தது. இன்றும் பிரெஞ்சில் நாவலுக்கு ‘ரொமான்’ என்றே பெயர். இலத்தீன் கல்வி எட்டாத பெண்கள் பலருக்கும் இக்கதைகள் எட்டின. 12-ஆம் நூற்றாண்டிலேயே மரி த பிரான்ஸ் என்ற பெண் புலவர் பிரெஞ்சு மொழியில் கதைப்பாடல்கள் இயற்றினார் என்பது நமக்குப் பெருமையல்லவா?

17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ‘ரொமான்டிக்’ என்றால் அக்கதைகளில் வருவது போன்றது, நம்பத்தகாதது என்று பொருள். பிறகு மனத்தை மயக்கும் மலையையும் காட்டையும் அச்சொல்லால் குறித்தனர். 1798-இல் வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் சேர்ந்து வெளியிட்ட கவிதைத் தொகுதி, பின்னாளில் ‘ரொமான்டிக்’ எனப் பெயர் பெற்ற இலக்கிய இயக்கத்துக்கு வழி திறந்தது. சாதாரண மக்களின் பேச்சே கவிதைக்கு ஏற்றது என 1800-ஆம் ஆண்டின் முன்னுரையில் வேர்ட்ஸ்வொர்த் வாதிட்டார். ‘ஷெல்லிதாசன்’ எனப் புனைபெயர் சூடிய நம் பாரதியாரும், 1912-இல் வெளிவந்த பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில் எளிய பதங்களையும் எளிய நடையையும் வேண்டினார். இந்தப் போக்கைத் தமிழறிஞர் புனைவியல் என்றும், கற்பனாவாதம் என்றும் வழங்குவர்.

மொழியின் பெயர் காதற் கதையின் பெயராவது நமக்குப் புதிதன்று. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் ‘தமிழ்’ அறிவிக்கக் கபிலர் பாடியது குறிஞ்சிப்பாட்டு என்பர். அங்கே ‘தமிழ்’ என்பது அகப்பொருள் நெறியைச் சுட்டும். காதலைப் பண்போடு பேசுவதே தமிழ் எனக் கருதிய முன்னோர் நம்மவர். அந்தப் பாட்டில் தலைவியின் காதலைச் செவிலித்தாயிடம் துணிந்து எடுத்துரைப்பவள் ஒரு தோழிதான்!

ஆயினும் ஓர் எச்சரிக்கை. உண்மையை மறைக்கும் அழகும் ‘ரொமான்டிக்’ எனப்படுவதுண்டு. பாலாற்றில் பாலும் தேனும் ஓடுவதாகப் பாடிவிட்டு, தோல் கழிவால் நிலமும் நீரும் கெட்டதையும், 1996-இல் உச்ச நீதிமன்றம் அது குறித்துத் தீர்ப்பளித்ததையும் மறந்தால், அது கற்பனையாகாது, கண்மூடித்தனம். நல்ல கற்பனை கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண வேண்டும்.

தமிழும் உருதுவும் தெலுங்கும் ஒலிக்கும் ஊர் நம் பேரணாம்பட்டு. பீடி சுற்றும் திண்ணையிலும், தோல் ஷாப்பிலிருந்து அப்பா திரும்பும் மாலையிலும் பேசப்படும் வீட்டுமொழியில் எத்தனை கதைகள்! ஆங்கிலம் சரளமாக வரவில்லையே என்று கூசி, அவற்றை எழுதாமல் விடும் தோழியர் நம்மிடையே பலர். ‘ரொமான்ஸ்’ என்பதே வீட்டுமொழியில் பிறந்த கதைக்கு இட்ட பெயர் என்பதை அவர்கள் அறியட்டும். தோழியரே, நம் மொழியில் நம் கதையைத் துணிந்து எழுதுவோம். அதுவே இச்சொல்லுக்கு நாம் செய்யும் நீதியாகும்.