காக்கை எண்ணுவதும் ஒரு வேலைதான்!



"வேலை இல்லாதவ காக்கா எண்ணிக்கிட்டு நிக்கிறா" என்று என் வீட்டில் என்னைக் கேலி செய்வார்கள். பத்தாவது வரை படித்த சாதாரண குடும்பத் தலைவி நான். காக்கை எண்ணுவது எவ்வளவு முக்கியம் என்பது பட்ட பிறகுதான் எனக்கே புரிந்தது.

எங்கள் தெருமுனையில் ஒரு பெரிய புளியமரம் இருந்தது. மழைக்காலம் வந்தால் கொக்கும் மடையானும் அதில் கூடு கட்டும். சாலை வேலைக்காக ஒருநாள் அதை வெட்டிச் சாய்த்தார்கள். குஞ்சுகள் மண்ணில் விழுந்து கத்தியதை நினைத்தால் இப்பவும் வயிறு கலங்குகிறது. தெருப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து முறையிடப் போனோம். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "எத்தனை கூடு இருந்துச்சும்மா? எத்தனை வருஷமா வருது? எழுத்துல ஏதாவது இருக்கா?" நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "நிறைய இருந்துச்சு சார்" என்பதைத் தவிர எங்களிடம் பதில் இல்லை.

என் பிறந்த வீடு வேடந்தாங்கலுக்குப் பக்கத்து கிராமம். அந்த ஊர் ஜனங்கள் எங்களைப் போல் ஏமாளிகளாக இருக்கவில்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது, நேரே செங்கல்பட்டு கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுத்து மூலமாகவே கொடுத்தார். 1858-ல் அது மறுபடி உறுதி செய்யப்பட்டது. எழுத்தில் இருந்ததற்கு எவ்வளவு பலம் பாருங்கள்! 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சர் என்ற உலக நீர்நிலைப் பட்டியலிலேயே சேர்ந்துவிட்டன.

வெறும் பாசத்தினால் மட்டும் அவர்கள் காக்கவில்லை. "பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி பாய்ஞ்சா பயிருக்குத் தனியா உரமே வேண்டாம்" என்பார் என் அம்மா. நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன் எல்லாம் எந்த மழைக்குப் பிறகு வரும் என்று அவருக்கு அத்துப்படி. ஆனால் அம்மாவுக்குத் தெரிந்தது அம்மாவோடு போய்விடக் கூடாது அல்லவா? அதைத்தான் எழுதி வைக்க வேண்டும் என்கிறேன்.

அதற்கு வழியும் இருக்கிறது. 2015-லிருந்து தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறை நாட்களில் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்கிறது. ஒரே இடத்தில் பதினைந்து நிமிடம் நின்று, கண்ணில் பட்ட பறவைகள் என்னென்ன, எத்தனை என்று எண்ணி, செல்போனில் 'இ-பேர்ட்' என்ற செயலியில் பதிய வேண்டும். அவ்வளவுதான்! இது போல 15,500 பேர் எழுதி வைத்த ஒரு கோடிக்கும் மேலான பதிவுகளைக் கொண்டுதான் 2020-ல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கையே தயாரானது. செல்போன் டவரால் சிட்டுக்குருவி அழிந்தே போச்சு என்று நாமெல்லாம் பேசினோமே, சென்னை போன்ற பெருநகரங்களில் குறைந்தாலும் நாடு முழுக்கப் பார்த்தால் அது ஓரளவு நிலையாகவே இருக்கிறது என்று அந்த அறிக்கைதான் சொன்னது. டவர்தான் காரணம் என்பதற்கு ஆதாரமும் கிடைக்கவில்லை. எண்ணிப் பார்த்தால்தானே உண்மை தெரியும்?

"எங்களுக்கு எங்கே நேரம்?" என்று கேட்காதீர்கள். மார்கழி விடியலில், பறவைகள் எழும் நேரத்தில், கோலமாவும் கையுமாக வாசலில் நிற்பது யார்? தினமும் காக்கைக்குச் சோறு வைப்பது யார்? நாம்தானே! பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, சலவைக் கணக்கு எல்லாம் எழுதுகிற நமக்கு இது ஒரு பாரமா? எல்லாப் பெயரும் தெரிய வேண்டியதில்லை. காகம், மைனா, குயில், செண்பகம், தவிட்டுக்குருவி என்று உறுதியாகத் தெரிந்ததை எழுதினால் போதும். சந்தேகமானதை விட்டுவிடலாம்.

காணும் பொங்கலுக்கு மாமல்லபுரம் போகிறவர்கள், கூட்டம் கூடுமுன் காலையிலேயே கரையோரம் நின்று ஆலாவையும் உள்ளானையும் பிள்ளைகளுக்குக் காட்டி எண்ணச் சொல்லுங்கள். வேடந்தாங்கல் போனால் தயவுசெய்து கூச்சல் போட வேண்டாம். தீபாவளிக்குக் கூட வெடி வெடிக்காத ஊர் அது. எங்கே போனாலும் கூட்டின் கிட்டே போய் போட்டோ எடுக்கவும் வேண்டாம்.

அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மரத்தை வெட்டுமுன் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். கூட்டில் குஞ்சு இருந்தால் அது பறக்கும் வரை பொறுங்கள். சில வாரங்களில் சாலை எங்கும் ஓடிவிடாது.

என் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் இப்போது பறவைக் கணக்கு ஓடுகிறது. ஏழாவது படிக்கும் என் மகள்தான் அதை செல்போனில் ஏற்றுகிறாள். கேலி செய்த என் வீட்டுக்காரரே நேற்று, "வேப்பமரத்துல ரெண்டு மடையான் உட்கார்ந்திருக்கு, எழுதிக்கோ" என்றார். இனி யாராவது "எத்தனை?" என்று கேட்டால் "நிறைய" என்று சொல்லிவிட்டுத் தலைகுனிந்து திரும்பி வர மாட்டேன்.

– ஒரு வாசகி, செங்கல்பட்டு.