எத்தனை ஓட்டை என்பதா கேள்வி?

லேப்ராஸ்கோப்பி என்றாலே ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. "சின்னதா நாலு ஓட்டைதானாம், மூணே நாள்ல வீட்டுக்கு வந்துடலாமாம்!" பித்தப்பைக் கல்லுக்கு அது சரி. கணையத்தில் கட்டி என்றால் கதையே வேறு.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிப் படுத்திருக்கிற உறுப்பு. நீளம் சுமார் 15 செ.மீ. தான். ஜீரண நீரும் இன்சுலினும் அங்கிருந்துதான் வருகின்றன. தலைப்பக்கம் முன்சிறுகுடலும் பித்தக்குழாயும் ஒட்டிக்கொண்டிருக்கும். வால்பக்கம் மண்ணீரல். அந்த மண்ணீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி கணையத்தின் மேல்விளிம்பை ஒட்டியே ஓடுகிறது, சிரை பின்பக்கம் பதிந்து கிடக்கிறது. ஆகவே வாலில் கட்டி என்றால் மண்ணீரலையும் சேர்த்து எடுத்துவிடுவதுதான் டாக்டருக்கு சுலபம். ரொம்ப காலம் அப்படித்தான் எடுத்தார்கள்.

மண்ணீரல் இல்லாமல் வாழலாம்தான். ஆனால் நிமோனியாக் கிருமி மாதிரி சில கிருமிகள் ரத்தத்தில் கலந்தால் உடம்பு தடுமாறும். தடுப்பூசி, காய்ச்சல் வந்தால் உடனே ஓட்டம் என்று ஆயுசு முழுக்க ஜாக்கிரதை தேவை. 1988-ல் அமெரிக்க டாக்டர் வார்ஷா ஒரு வழி சொன்னார். பெரிய ரத்தக்குழாய்களை வெட்டினாலும், இரைப்பையிலிருந்து வரும் சின்னக் குழாய்களை வைத்தே மண்ணீரலைப் பிழைக்க வைக்கலாம் என்றார். 1996-ல் ஜப்பானின் கிமுரா, பெரிய குழாய்களையே ஒவ்வொரு கிளையாகப் பிரித்துக் காப்பாற்றும் முறையைச் சொன்னார். கவனியுங்கள், இரண்டுமே வயிற்றைத் திறந்து செய்தவை! உறுப்பைக் காப்பது வேறு, ஓட்டை போடுவது வேறு.

யாருக்கு இது முக்கியம்? கணையத்தில் வருவதெல்லாம் கொடிய புற்றுநோய் இல்லை. இன்சுலினோமா என்ற கட்டி பெரும்பாலும் 2 செ.மீ.க்கும் குறைவு, சாதுவானது. இளம்பெண்களுக்கே அதிகம் வரும் ஒரு வகைக் கட்டியும் உண்டு, எடுத்துவிட்டால் பெரும்பாலும் குணம். 22 வயசுப் பெண்ணுக்கு இன்னும் 50 வருஷம் பாக்கி இருக்கிறது. கணையத்தைத் தேவைக்கு மேல் வெட்டினால் சர்க்கரை நோய் வரலாம். அஞ்சாம் நாள் டிஸ்சார்ஜ் ஆனால் மிச்சமாகும் ரூம் வாடகை பில்லில் தெரியும். அதற்கப்புறம் முப்பது வருஷம் வாங்கும் மாத்திரையும் இன்சுலினும் எந்த பில்லில் வரும்? (நிஜமான கொடிய புற்றுநோய் என்றால் மிச்சம் வைக்கும் பேச்சே கூடாது. அங்கே நிணநீர்க் கட்டிகளோடு மண்ணீரலும் போகத்தான் வேண்டும்.)

ஓட்டை மட்டும் காப்பாற்றாது என்பதற்கு நெதர்லாந்து சாட்சி. தலைப்பக்கம் செய்யும் விப்பிள் ஆப்பரேஷனை லேப்ராஸ்கோப்பியில் செய்து பார்த்தார்கள். செய்தவர்கள் தனிப்பயிற்சி முடித்த டாக்டர்கள். 90 நாளுக்குள் சிக்கல்களால் இறந்தவர்கள் லேப்ராஸ்கோப்பியில் 50-க்கு 5, திறந்து செய்ததில் 49-க்கு 1. சின்ன எண்ணிக்கைதான், ஆனாலும் ஆய்வைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். முடிவு வெளியானது 2019-ல். கோவை ஜெம் ஆஸ்பத்திரியில் டாக்டர் பழனிவேலு குழு 64 பேரை வைத்து நடத்தி 2017-ல் வெளியிட்ட ஆய்விலோ, லேப்ராஸ்கோப்பி செய்தவர்கள் 7 நாளில் வீடு திரும்பினார்கள், மற்றவர்களுக்கு 13 நாள் ஆனது. ஆப்பரேஷன் ஒன்றுதான். பல வருஷம் இதிலேயே ஊறிய கைக்கும், புதிதாகக் கற்ற கைக்கும் உள்ள வித்தியாசம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

விளம்பரத்தில் ரோபோவைப் படம் போடலாம், சின்னத் தழும்பைக் காட்டலாம். உள்ளே காப்பாற்றிய மண்ணீரலை எப்படிக் காட்டுவது? அதனால்தான் டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது. இது என்ன வகைக் கட்டி, எவ்வளவு கணையம் மிஞ்சும், மண்ணீரல் இருக்குமா, இதே ஆப்பரேஷனை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? கட்டியை மட்டும் நோண்டி எடுக்கலாம் என்று அவர் சொன்னால் இன்னொன்றும் கேளுங்கள். அந்த முறையில் கணைய நீர் கசியும் வாய்ப்பு அதிகம், சிலருக்கு வாரக்கணக்கில் ட்யூபோடு இருக்க வேண்டி வரும்.