சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு டோக்கன் கொடுங்கள்

ஊரில் ஓர் உழவு மாடு வாங்குவதென்றால் காரியம் லேசில் முடியாது. பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். சுழி பார்ப்பார்கள். நடக்க விட்டுப் பார்ப்பார்கள். விவரம் தெரிந்த பெரியவர் ஒருவரையும் உடன் அழைத்துப் போவார்கள். அந்த ஊரில் பிறந்தவர்கள்தான் மும்பையில் அரைக் கோடி ரூபாய்க்குப் பிளாட் வாங்கும்போது, கால் மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு டோக்கன் பணத்தைக் கொடுத்து விடுகிறார்கள்.

டோம்பிவிலி, கல்யாண், அம்பர்நாத், மீரா ரோடு பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் வாங்கும் வீடுகளில் பல, பழைய கட்டடங்களில் கைமாறி வரும் பிளாட்டுகள். புதுக் கட்டடத்தின் விலை கட்டுபடியாவதில்லை. பிராவிடண்ட் பண்டில் எடுத்த பணம், வீட்டுக்காரியின் நகை, ஊரில் விற்ற நிலம், இருபது வருடத்துக்குப் பேங்க் கடன் என்று எல்லாவற்றையும் திரட்டித்தான் சாவியை வாங்குகிறார்கள். அந்த வீட்டில் குறை இருந்தால் இன்னொரு முறை திரட்டுவதற்கு அவர்களிடம் எதுவும் இருக்காது.

காகிதம் மட்டும் போதாது

பத்திரங்களைப் பார்ப்பதில் இப்போது ஓரளவு விழிப்பு வந்திருக்கிறது. ஷேர் சர்டிபிகேட், பழைய அக்ரிமெண்ட், சொசைட்டியின் என்.ஓ.சி., மாநகராட்சியின் குடியிருப்புச் சான்றிதழ் ஆகியவற்றைக் கேட்டு வாங்குகிறார்கள். நல்லதுதான். ஆனால் சுவரையும் கூரையையும் யார் பார்த்தார்கள்?

"பேங்கே கடன் கொடுத்துவிட்டது, வீடு நல்ல வீடுதான்" என்று சிலர் சொல்வது தப்புக் கணக்கு. பேங்க் அனுப்பும் மதிப்பீட்டாளர், கடனுக்கு அந்தச் சொத்து ஈடாகுமா என்று பார்க்க வருபவர். குளியலறைக் குழாய் ஒழுகுவதைக் கண்டுபிடிப்பது அவர் வேலை அல்ல.

சட்டம் சொல்வது என்ன?

1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 55-வது பிரிவு இருக்கிறது. விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை இருந்தால், அதை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது அது.

இதில் இரண்டு தரப்புக்கும் பாடம் உண்டு. தெரிந்த குறையை மறைப்பது விற்பவர் செய்யும் தவறு. ஆனால் கவனித்துப் பார்த்தாலே தெரியக்கூடிய குறையைப் பார்க்காமல் விட்டவர், பிறகு இந்தப் பிரிவைக் காட்டி வழக்காடுவது கடினம். பார்க்க வேண்டிய பொறுப்பு வாங்குபவருடையது.

2016-ம் ஆண்டின் ரேரா சட்டம், பில்டரிடம் புதிதாக வாங்குபவருக்குத் துணை நிற்கிறது. வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிந்து முறையிட்டால், 30 நாளில் பில்டர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். பழைய பிளாட்டை விற்கும் சாதாரணக் குடும்பஸ்தரிடம் இதைக் கேட்க முடியாது.

எப்போது, எதைப் பார்ப்பது?

மே மாதத்தில் மும்பையில் எந்த வீடும் ஒழுகாது. கூரையின் குணம் தெரிய வேண்டுமானால் ஜூலை மழையில் பார்க்க வேண்டும். அதுவரை காத்திருக்க முடியாதவர்கள், ஒரே ஒரு மூலையில் மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறதா என்று பார்க்கட்டும். சுவரில் உப்புப் பூத்திருக்கிறதா, மேல்வீட்டுக் குளியலறைக்கு நேர் கீழே கறை படிந்திருக்கிறதா என்றும் பார்க்கட்டும். அழகான பொய்க்கூரை போட்டிருந்தால், அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று கேட்பதில் தவறில்லை.

கூரையிலும் தூணிலும் கம்பி போகும் வழியாகவே நீளமாக வெடிப்பு ஓடினால், அதை வெறும் பூச்சு வெடிப்பு என்று விட்டுவிடக் கூடாது. கடற்காற்றும் ஈரமும் உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடிக்கிறது. துருப்பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கிறது. அதன்மேல் சிமெண்ட் பூசிப் பெயிண்ட் அடித்தால் வெடிப்புத்தான் மறையும், துரு நிற்காது.

எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து பார்க்க வேண்டும். தரை ஓடுகளை நாணயத்தால் தட்டினால், பிடிப்பு விட்ட இடம் வெற்றுச் சத்தம் கொடுக்கும். கதவு, ஜன்னல் நிலையில் இடித்துக்கொண்டு மூட மறுத்தால் காரணம் கேட்க வேண்டும். மின்சாரத்தில் எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்க்க வேண்டும்.

கீழ்த்தளத்தையும் பாருங்கள்

மூன்றாவது மாடியில் வீடு வாங்குபவரின் தூண், கீழே யாரோ ஒருவருடைய கடைக்குள் நிற்கிறது. 2017 ஜூலையில் காட்கோபரில் ஒரு கட்டடம் இடிந்து 17 பேர் இறந்தார்கள். கீழ்த்தளத்தில் நடந்த மாற்ற வேலையில் தூண்களில் கை வைத்தார்கள் என்பதே அந்த வழக்கில் எழுந்த குற்றச்சாட்டு. கடைக்குள் சுவரை எடுத்திருக்கிறார்களா, தூணைச் செதுக்கியிருக்கிறார்களா என்று விசாரிக்காமல் மாடி ஏறக் கூடாது.

புதுக் கட்டடம் என்றால் பயமில்லை என்பதும் சரியல்ல. 2013 ஏப்ரலில் மும்ப்ரா அருகே இடிந்து 74 உயிர்களைப் பலி கொண்டது, அனுமதியில்லாமல் கட்டிக்கொண்டிருந்த கட்டடம். வேலை முடியும் முன்பே அதில் குடும்பங்கள் குடியிருந்தன.

மகாராஷ்டிரத்தில் 30 வயதைத் தாண்டிய கட்டடத்துக்குக் கட்டுமானத் தணிக்கை கட்டாயம். சொசைட்டிகளின் மாதிரி விதிகளிலும் 15 முதல் 30 வயதுவரை 5 ஆண்டுக்கு ஒரு முறை, அதற்கு மேல் 3 ஆண்டுக்கு ஒரு முறை தணிக்கை செய்யச் சொல்லியிருக்கிறது. அந்த அறிக்கையை டோக்கன் கொடுக்கும் முன்பே சொசைட்டி செயலாளரிடம் கேட்க வேண்டும். அதில் சி-1 என்றிருந்தால் காலி செய்து இடிக்க வேண்டிய கட்டடம். சி-2 என்றால் பெரிய மராமத்து வேண்டும். அந்தச் செலவில் பங்கு புதிதாக வருபவர் தலையில்தான் விழும். சி-3 என்றால் சிறு பழுது.

பதிவு பெற்ற ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயர் ஒருவரை அழைத்துப் போய்க் காட்டினால் சில ஆயிரம் ரூபாய் செலவாகும். அது வீண் செலவாகத் தோன்றலாம். 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு மும்பையில் 6 சதவீத முத்திரைத் தீர்வை 3 லட்சத்து 60 ஆயிரம்; புரோக்கர் கமிஷன் வேறு. அவ்வளவு கொடுப்பவர் இதில் மட்டும் சிக்கனம் பிடிப்பது ஏன்? டோக்கன் ரசீதிலேயே, "பரிசோதனையில் பெரிய குறை தெரிந்தால் பணம் திருப்பித் தரப்படும்" என்று ஒரு வரி எழுதி வாங்குவது புத்திசாலித்தனம்.

ஊர்க்காரர் என்றாலும்...

"விற்பவர் நம்ம ஊர்க்காரர். அவரைச் சந்தேகப்படுவதா?" என்று தயங்குபவர்கள் உண்டு. இது சந்தேகமே அல்ல. கீழ்க்கடைத் தூணில் என்ன இருக்கிறது என்பது அந்த ஊர்க்காரருக்கே தெரியாமல் இருக்கலாம். பார்க்காமல் வாங்கி, பிறகு குறை கண்டு, கல்யாண வீட்டில் முகம் கொடுத்துப் பேசாமல் போவதைவிட, முதலிலேயே பார்த்து வாங்குவதுதான் உறவுக்கும் நல்லது.

விற்பவருக்கும் இதனால் நஷ்டமில்லை. ரிடையராகி ஊருக்குப் போக நினைப்பவர், விளம்பரம் கொடுக்கும் முன்பே தாமாக ஒரு பரிசோதனை செய்து கொள்ளலாம். சிறு பழுதுகளைச் சரிசெய்து, மற்றவற்றை எழுதிக் காட்டி, வாங்குபவரின் கையெழுத்தைப் பெறலாம். விலை கொஞ்சம் குறையலாம். ஆனால் கடைசி நேரப் பேரம் இருக்காது. ஊரில் நிம்மதியாக இருக்கும்போது வக்கீல் நோட்டீசும் பின்தொடராது.

மும்பையில் தமிழர் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. பொங்கல் விழாவும் பரிசளிப்பும் நடத்துகிறார்கள். அதோடு, அந்தந்த வட்டாரத்தில் நாணயமான என்ஜினீயர்கள், வக்கீல்கள் பெயர்களை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைக்கலாம். வீடு பார்க்கப் போகும் ஒரு குமாஸ்தா, ஞாயிற்றுக்கிழமை வந்து அதைக் குறித்துக்கொண்டு போனால், ஒரு குடும்பத்தின் ஆயுள் சேமிப்பு தப்பும்.