தேசிங்கு கதையும் மாடி அறைப் பையனும்

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டைக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பட்டம் கிடைத்தது. மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை ஒரு கொத்தாகச் சேர்த்து அறிவித்தார்கள். பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று நம்முடையது. செய்தியை முழுக்கப் படித்தேன். சிவாஜி இருந்தார், ராஜாராம் இருந்தார். தேசிங்கைத் தேடினேன், காணோம்.

குற்றம் சொல்லவில்லை. சிவாஜி 1677-ல் பிடித்த கோட்டை அது. அவருக்கு முன்னால் கோனார், நாயக்கர், பீஜப்பூர்க்காரர்கள், பின்னால் மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வரிசையாக ஆண்டிருக்கிறார்கள். தேசிங்கு ஒரு வருஷம்கூட முழுதாக ஆளவில்லை. ஆனால் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் யாரும் அதை நாயக்கர் கோட்டை என்றோ மராட்டியர் கோட்டை என்றோ சொல்லி நான் கேட்டதில்லை. தேசிங்குராஜன் கோட்டைதான். ஒரு பாட்டு செய்த வேலை இது.

என் அப்பாவிடம் கொண்டித்தோப்பு இரத்தின நாயகர் கம்பெனி வெளியிட்ட 'பெரிய எழுத்து' தேசிங்குராஜன் கதை இருந்தது. அறுவடை முடிந்த நாட்களில் ராத்திரி திண்ணையில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு ராகம் போட்டுப் படிப்பார். பத்துப் பதினைந்து பேர் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள், பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. டில்லி பாதுஷாவின் அடங்காத குதிரையைச் சின்னப் பையன் தேசிங்கு அடக்குகிற இடம் வந்தால் நாங்கள் தூக்கம் கலைந்து எழுந்து உட்காருவோம். 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்துப் படமாகவும் வந்தது. அப்பாவுக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. "புஸ்தகத்துல இருக்கிறது வேற" என்றார், அவ்வளவுதான்.

இப்போது நடந்த கதைக்கு வருகிறேன். தேஜ் சிங் என்பதுதான் தேசிங்கு ஆயிற்று. புந்தேல ராஜபுத்திரன். அப்பா சொரூப் சிங் மொகலாயர்களுக்காகச் செஞ்சியைப் பார்த்துக்கொண்டவர். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கட்ட வேண்டிய கப்பம் ஆண்டுக்கணக்கில் பாக்கி விழுந்திருந்தது. 1714-ல் அப்பா இறந்துபோனார், பாக்கி பிள்ளை தலையில் விழுந்தது. பிள்ளை கட்ட மறுத்தான். நவாப் பெரும்படையோடு வந்தார், இவன் பக்கம் சில நூறு பேர்தான். அக்டோபர் 3-ம் தேதி செஞ்சிக்குப் பக்கத்தில் சண்டை. துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தான் என்கிறது சரித்திரம். வயது 22 என்பார்கள்.

பாட்டில் இந்தக் குண்டு கிடையாது. பாட்டில் வருகிற தேசிங்கு தோற்கவே இல்லை. அவனுடைய உயிர்ச் சிநேகிதன், வழுதாவூர் மோவுத்துக்காரன், அதாவது மகபத்கான், தன் கல்யாணத்தைப் பாதியில் விட்டுவிட்டுச் சண்டைக்கு ஓடி வந்து இறந்துபோகிறான். அந்தத் துக்கம் தாளாமல் தேசிங்கு தன் கத்தியை மேலே வீசி, கீழே வரும்போது மார்பில் ஏந்திக்கொள்கிறான். இதைப் படித்துவிட்டு "எல்லாம் கட்டுக்கதை" என்று சொல்கிற படித்த நண்பர்கள் எனக்கு உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. யார் சுட்டான் என்றுகூடத் தெரியாத ஒரு குண்டுக்கு அந்தப் பையனை விட்டுக்கொடுக்க ஜனங்களுக்கு மனசு வரவில்லை. சிநேகிதனுக்காக மனசு உடைந்து செத்தான் என்று வைத்துக்கொண்டார்கள். இந்து ராஜாவுக்காக ஒரு முஸ்லிம் உயிர் விடுகிறான். எதிரில் நிற்பவரும் முஸ்லிம்தான். அதைப் பற்றிப் பாடியவனும் கவலைப்படவில்லை, திண்ணையில் கேட்டவனும் கவலைப்படவில்லை. நீலாம்பூண்டியில் மோவுத்துக்காரன் சமாதி என்று இன்றைக்கும் ஓர் இடத்தைக் காட்டுகிறார்கள்.

அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள், அதற்கு நவாபே மனம் இரங்கினார், பாலாற்றின் அக்கரையில் இருக்கும் ராணிப்பேட்டைக்கு அவள் நினைவாகத்தான் அந்தப் பெயர் என்பார்கள். அந்தப் பகுதியை அப்பா உருக்கமாகப் படிப்பார். பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள். ஏன் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

இதெல்லாம் இப்போது ஞாபகம் வரக் காரணம் எங்கள் வீட்டு மாடி அறையில் குடியிருந்த பையன். குன்றத்தூரில் மாடியில் ஓர் அறை இருந்தால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிப் பையன்களுக்குத்தான் வாடகைக்குப் போகும். இவன் செஞ்சிப் பக்கம், டிப்ளமா, ஒரு கம்பெனியில் கான்டிராக்ட் வேலை. வயது சரியாக 22. ஷிப்டில் ஏதோ பாகம் கெட்டுப்போனதற்கு இவன்தான் காரணம் என்று மன்னிப்புக் கடிதம் கேட்டிருக்கிறார்கள். தப்பு தன்மேல் இல்லை என்று இவன் எழுதிக் கொடுக்கவில்லை.

என்னிடம் வந்து சொன்னான். முப்பத்தைந்து வருஷம் சம்பளத்துக்கு வேலை பார்த்தவன் நான். எத்தனை கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. "எழுதிக் குடுத்துட்டுப் போயேம்பா, கையெழுத்துதானே" என்றேன்.

"எங்க தாத்தா தேசிங்கு கதை படிப்பாரு சார்" என்றான். வேறு பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் வேலை போயிற்று. அறையைக் காலி செய்துகொண்டு போய்விட்டான்.

செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரம் குடைவரைக் கோயிலில் பள்ளிகொண்ட ரங்கநாதர் இருக்கிறார். தேசிங்கின் குலதெய்வம். சண்டைக்குப் போகும்முன் உத்தரவு கேட்டு நின்றானாம். வேண்டாம் என்று சொல்ல, பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். இன்றைக்கும் முகம் திரும்பியபடிதான் இருக்கிறது என்பார்கள். சின்ன வயதில் பெருமாள் சொல்லியும் கேட்காத வீரன் என்று புல்லரித்தது. இந்த வயதில் வேறு ஒன்று உறுத்துகிறது. அவன் பக்கத்தில் உட்கார வைத்து, எங்கே குனிய வேண்டும், எங்கே குனியக்கூடாது என்று பேச ஒரு பெரியவர்கூட அந்தக் கதையில் கிடையாது. முகத்தைத் திருப்பிக்கொள்ள மட்டும் ஆள் இருந்தது. நானும் அந்தப் பையனிடம் என்ன நடந்தது என்று இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. கையெழுத்துப் போடச் சொன்னேன்.

போன வாரம் போன் செய்தான். வேர்க்கடலை பிடுங்குகிறார்களாம். வேறு இடத்தில் வேலை கேட்டிருக்கிறானாம். தாத்தாவின் புத்தகம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். பரணில் தேடிவிட்டு மறுபடி கூப்பிட்டான்.

"முன்பக்கம் கொஞ்சம் கரையான் அரிச்சிடுச்சி சார். குதிரையை அடக்குற இடத்துல இருந்து இருக்குது."

கொண்டு வா, படிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.